நாரி நோவும் நல்ல நடையும்

யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் வழங்கும் தமிழில் 'நாரி' என்றொரு சொல் உண்டு. ஏட்டில் அச்சொல்லைக் காண்பவர் பெண் என்று பொருள் கொள்வர். எங்கள் வயலிலும் வாடியிலும் அதற்குப் பொருள் வேறு. முதுகின் அடிப்பாகமும் இடுப்பின் பின்புறமும் கூடும் இடமே நாரி. 'நாரி முறிய வேலை செய்தான்' என்றால் அவன் உழைப்பை அளக்க வேறு கோல் வேண்டியதில்லை. 'நாரி பிடித்துவிட்டது' என்றால் அன்றைய வேலையும் அன்றைய கூலியும் போயின என்பது பொருள். உழைப்பையும் நோவையும் ஒரே உறுப்பின் பெயரால் குறித்த மக்கள், இரண்டுக்கும் உள்ள உறவை நன்கு அறிந்தவர்கள்.

அந்நாரியிலே தோன்றிப் பிட்டத்தினூடே இறங்கி, தொடையின் பின்புறத்தைப் பற்றி, கெண்டைக்காலையும் தாண்டிப் பாதவிரல் வரைக்கும் ஓடும் நோ ஒன்று உண்டு. ஆங்கில வைத்தியர் அதனைச் 'சயாற்றிக்கா' என்பர். இருமினால் மின்னும், தும்மினால் வெட்டும், கதிரையில் இருந்தால் உளையும், சிலவேளை கால் விறைத்து, செருப்புக் கழன்றதும் தெரியாது போகும். ஆனையிறவைக் கண்முன் வைத்துக்கொண்டு, இந்நோவின் இயல்பையும், இந்நோவிலிருந்து மீண்டவர் மறுபடியும் வெளியே இறங்கி நடமாடும் வழியையும் இங்கே கூற விழைகின்றேன். ஆனையிறவு எதற்கு என வினவலாம். முதுகு வளைத்துச் செய்யும் உழைப்பும், முதுகு நிமிர்த்தி நடப்பதற்கேற்ற வெளியும் ஒருங்கே அமைந்த இடம் அது.

உப்பும் நிலமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டை வன்னிப் பெருநிலத்தோடு இணைக்கும் ஒடுங்கிய நிலம் ஆனையிறவு. இருமருங்கும் கடனீரேரி; நடுவே கண்டி வீதியும் புகையிரதப் பாதையும். வன்னிக் காடுகளிற் பிடித்த யானைகளை ஆழமற்ற நீரினூடே இறக்கிக் குடாநாட்டுக்குக் கொண்டுசென்றமையால் இப்பெயர் வந்தது என்பர். ஒல்லாந்தர் இங்கே காவற்கோட்டை ஒன்று வைத்திருந்தனர். எனினும், எங்கள் தலைமுறையார்க்கு ஆனையிறவு என்றதும் நினைவில் எழுவன வெண்குவியலாகக் கிடந்த உப்பும் அதற்குப் பின் வந்த போருமே.

உப்பைச் 'செய்கிறார்கள்' என்று தமிழர் சொல்வதில்லை. உப்பு 'விளைகிறது' என்பர். அளத்தின் வேலையைக் கண்டவர்க்கு அச்சொல்லின் பொருத்தம் விளங்கும். மழை ஓய்ந்து சோளகம் வீசும் மாதங்களில் நீரை ஒரு பாத்தியிலிருந்து மறு பாத்திக்கு மெல்ல மெல்ல நகர்த்துவர். கடல்நீரின் செறிவு போமே அளவையில் ஏறத்தாழ 3½ பாகை. வெயிலும் காற்றும் நீரை உறிஞ்ச உறிஞ்ச அது ஏறிக்கொண்டே போகும். 25 பாகையை எட்டும்போதே உப்பு படியத் தொடங்கும். 29 பாகைக்கு மேலும் விட்டு வைத்தாலோ கசப்பான வேறு உப்புகள் வந்து கலந்துவிடும். முந்தினால் உப்பு இல்லை. பிந்தினால் நல்ல உப்பு இல்லை. படிப்படியாக ஏறுதலும், எல்லை அறிந்து நிறுத்தலுமே அளத்தின் கலை. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வாசகரை வேண்டுகின்றேன், பின்னே பயன்படும்.

நீரை நகர்த்துவது காற்றுக்கும் வாய்க்காலுக்கும் உரிய வேலை. படிந்த உப்பை வாருவதோ மனிதனின் நாரிக்கு உரிய வேலை. உப்பு நீரில் நின்று, குனிந்து, இழுத்து, குவித்து, அள்ளிச் சுமக்க வேண்டும். தலைக்கு மேல் வெயில். காலின் கீழ் வெண்மையிற் பட்டுத் திரும்பும் வெயில்.

1990 இல் போர் காரணமாக இவ்வுப்பளம் ஓய்ந்தது. 1991 இலும் 2000 இலும் ஆனையிறவிலே பெருஞ்சமர்கள் நடந்தன. 2009 இற் போர் முடிந்தபோது உப்பளம் பாழாய்க் கிடந்தது. சுற்றுப்புறத்தில் கண்ணிவெடிகள் புதைந்து கிடந்தன. அயலிலுள்ள முகமாலையில் அவற்றை அகற்றும் பணி பின்னரும் பல ஆண்டுகள் தொடர்ந்தது. உப்பு விளைவு மீண்டும் தொடங்கிய பின், 2025 மார்ச்சில் இங்கே உப்புத் தொழிற்சாலை ஒன்றும் திறக்கப்பட்டது. நிலமும் ஒரு நோயாளியைப் போலப் படுத்திருந்து, சாண் சாணாகச் சோதிக்கப்பட்டு, மறுபடியும் நடமாட்டத்துக்கு வந்திருக்கின்றது.

நோவின் வரலாறு

வடமொழி ஆயுர்வேத நூலார் இந்நோயைக் 'கிருத்திரசி' என்றனர். கிருத்திரம் என்பது கழுகு. நோயுற்றவன் காலை இழுத்து நடக்கும் நடை, கழுகு தரையில் நடக்கும் நடையை ஒத்திருத்தலால் அப்பெயர் வந்தது என விளக்குவர். பெயரிட்டவர் நோயாளியை உற்றுப் பார்த்தவர் என்பதில் ஐயமில்லை.

மேனாட்டிலே நெடுங்காலம் இதனை இடுப்பு மூட்டின் நோய் என்றே கருதினர். இத்தாலியின் நேப்பிள்ஸ் நகர வைத்தியராகிய தொமெனிக்கோ கொத்தூஞ்ஞோ என்பவர் 1764 இல் எழுதிய நூலில், மூட்டிலிருந்து எழும் நோ வேறு, நரம்பிலிருந்து எழும் நோ வேறு எனப் பிரித்துக் காட்டினார். நரம்பை வருத்துவது யாது என்ற வினாவுக்குத் தெளிவான விடை வர மேலும் நூற்றெழுபது ஆண்டுகள் சென்றன. 1934 இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரத்து மிக்ஸ்ரர், பார் என்னும் சத்திர வைத்தியர் இருவரும், முள்ளென்புகளுக்கு இடையிலுள்ள தட்டுப் பிதுங்கி நரம்பின் வேரை அழுத்துவதே பலருக்குக் காரணம் என நிறுவினர்.

முள்ளந்தண்டின் என்புகளுக்கு இடையே மெத்தை போன்ற தட்டுகள் உள்ளன. தட்டின் புறம் நார்வளையம். அகம் களி போன்ற பொருள். வளையம் நைந்து கிழியும்போது அகத்துள்ளது பின்னோக்கிப் பிதுங்கும். நாரியிலிருந்து புறப்படும் நரம்பு வேர்கள் பல கூடியே உடம்பிற் பருத்த நரம்பாகிய அக்கால் நரம்பு அமைகின்றது. வேரை அழுத்தினால் நோ கிளையிலே தோன்றும். ஆதலின் நோவது கால்; பழுது இருப்பது முதுகில். காலுக்கு எண்ணெய் பூசி ஒத்தடம் கொடுத்தால் இதம் உண்டாகும். வேரிலுள்ள அழுத்தம் அதனால் நீங்குவதில்லை.

இவ்விளக்கத்தைக் கேட்டதும் பலர்க்கு அச்சம் பிறக்கின்றது. 'தட்டு விலகிவிட்டது' என்ற ஒரு சொல்லைக் கேட்டு வாழ்நாள் முழுவதும் குனியாது விட்டவர்களை யான் அறிவேன். அவர்களுக்காக இரண்டு செய்திகள். முதலாவது: முதுகு நோவே இல்லாத 98 பேரைக் காந்தப் படக்கருவியாற் சோதித்த அமெரிக்க ஆய்வொன்று 1994 இல் வெளிவந்தது. அவர்களுட் பாதிக்கு மேற்பட்டோர்க்கு ஒரு தட்டேனும் புடைத்திருந்தது. படத்திற் காணும் புடைப்பு எல்லாம் நோயன்று. இரண்டாவது: பிதுங்கிய பகுதியை உடம்பு தானே சிறிது சிறிதாக உறிஞ்சிச் சுருக்குவதும் உண்டு. பெரும்பாலோர்க்குச் சில கிழமைகளிலிருந்து மூன்று மாதத்துக்குள் சத்திர சிகிச்சையின்றியே நோ தணிகின்றது.

படுக்கையா, நடையா?

நாரி பிடித்தவரைப் பலகையிற் கிடத்துவது முன்னை வழக்கம். ஆங்கில வைத்தியரும் கிழமைக்கணக்கிற் படுக்கவைத்தனர். அவ்வழக்கம் ஆராயப்பட்டது அண்மைக் காலத்திலேதான்.

பின்லாந்தின் கெல்சிங்கி நகரிலே, திடீரென முதுகு நோக் கண்டவர்களை மூன்று கூட்டமாகப் பிரித்தனர். ஒரு கூட்டத்தார் இரண்டு நாள் படுத்தனர். ஒரு கூட்டத்தார் முதுகுப் பயிற்சி செய்தனர். ஒரு கூட்டத்தார் நோ விட்ட அளவுக்குத் தத்தம் நாளாந்த அலுவல்களைச் செய்தனர். 1995 இல் வெளியான முடிவின்படி விரைவிற் குணமடைந்தவர் மூன்றாங் கூட்டத்தார். அது முதுகு நோவைப் பற்றியது. கால் நோவுக்கும் பொருந்துமோ என்பார்க்கு நெதர்லாந்தின் ஆய்வு விடை தருகின்றது. சயாற்றிக்கா கண்ட 183 பேரிற் பாதியினரை இரண்டு கிழமை படுக்கவைத்தனர். மற்றையோரை நடமாட விட்டனர். 1999 இல் வெளியான அவ்வாய்வில், பன்னிரண்டு கிழமையின் பின் இரு சாராரிலும் நூற்றுக்கு 87 பேர் தேறியிருந்தனர். படுத்தவர் படுத்ததனால் ஒன்றும் மிகுதியாகப் பெறவில்லை.

சத்திர சிகிச்சையைப் பற்றியும் அந்நாட்டாரே ஆராய்ந்தனர். கடுமையான நோ ஆறு கிழமைக்கு மேல் நீடித்த 283 பேருள் ஒரு சாரார்க்கு விரைவிலே சிகிச்சை செய்தனர். மறு சாராரைப் பொறுத்திருக்கச் செய்து, தேவைப்பட்டவர்க்கு மட்டும் பின்னர் செய்தனர். சிகிச்சை பெற்றவர்க்கு நோ விரைவில் நீங்கியது. ஆயினும் ஓராண்டின் முடிவில் இரு சாராரிலும் நூற்றுக்கு 95 பேர் தேறியிருந்தனர். இது 2007 ஆம் ஆண்டுச் செய்தி. சிகிச்சை வீண் என்பது இதன் பொருளன்று. தாங்கவொண்ணா நோவுடையார்க்கு அது பெரிய உபகாரம். பொறுத்திருப்பவர் கெட்டுப்போவதில்லை என்பதே இதன் பொருள்.

ஆனாற் பொறுத்திருத்தல் ஆகாத வேளையும் உண்டு. சிறுநீர் இறங்காது தடைப்படுதல் அல்லது தன்னறிவின்றிக் கழிதல், மலத்தை அடக்க இயலாமை, சேணத்திற் படியும் இடம் போன்ற தொடையிடுக்கும் ஆசனப் பகுதியும் மரத்துப்போதல், இரு கால்களும் ஒருங்கே தளர்தல், பாதம் தூக்க இயலாது தொங்குதல் என்னும் இவற்றுள் ஒன்று கண்டாலும் அன்றே வைத்தியசாலைக்குச் செல்க. காய்ச்சல், காரணமின்றி மெலிதல், விழுந்தபின் தோன்றிய கடுநோ ஆகியனவும் வைத்தியரிடம் உடனே காட்டற்குரியன. இவ்விடத்தில் எண்ணெயையும் நாட்களையும் செலவிடலாகாது.

நடையின் அளவு

திருவள்ளுவர் மருந்து என ஓர் அதிகாரம் வகுத்தார். மிகுதியும் குறைவும் ஆகிய இரண்டுமே நோய் செய்யும் என்பதே அதன் தொடக்கக் கருத்து. உணவுக்கும் செயலுக்கும் பொருந்தும் அவ்விதி நடைக்கும் பொருந்தும். முற்றாகக் கிடப்பதும் தவறு. நோ சிறிது விட்டதும் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்குவதும் தவறு.

இவ்வாறு எழுதுதற்கு எனக்கும் சிறிது உரிமையுண்டு. ஐம்பதைக் கடந்தபின் இடக்காலில் இந்நோ எனக்கும் வந்தது. கரும்பலகை முன் மணிக்கணக்காக நிற்பதும், கதிரையில் வளைந்திருந்து விடைத்தாள் திருத்துவதும் நாரிக்கு இலேசான வேலைகள் அல்ல. இயன்மருத்துவர் ஒருவர் முதலில் எனக்கு விதித்தது காலை ஐந்து நிமிடமும் மாலை ஐந்து நிமிடமும் ஆகிய நடை. வீட்டுப் படலையிலிருந்து சந்திவரை சென்று திரும்புதற்கே அது போதும். கிழமைதோறும் சில நிமிடம் கூட்டினேன். மூன்றாம் மாதத்திலே ஆனையிறவுக் கரையில் அரைமணி நேரம் நடக்க முடிந்தது. அன்று கடனீரேரியிற் பூநாரைக் கூட்டத்தைக் கண்டபோது, அவை வந்ததோ யான் வந்ததோ பெரிதெனச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அந்நாட்களிற் கற்ற சிலவற்றை இங்கே தொகுத்துக் கூறுவேன்.

நோவின் அளவைக் காட்டிலும் நோவின் இடத்தைக் கவனிக்க. நடந்தபின் பாதத்திலிருந்த நோ மேலேறித் தொடைக்கும் நாரிக்கும் ஒடுங்குமாயின் அது நற்குறி. நாரி சிறிது கூட நொந்தாலும் அஞ்ச வேண்டியதில்லை. நோ கீழிறங்கிப் பாதத்திற் பரவுமாயின் நடையைக் குறைக்க. மறுநாட் காலையில் உடம்பு சொல்வதே முடிவான சாட்சி. நோ நீங்கிய பின்னும் விறைப்பு மாதக்கணக்கில் நிற்கலாம். நரம்பு மெல்லத் தேறும் இயல்பினது.

சென்ற தூரத்தை மட்டும் எண்ணாது, திரும்பும் தூரத்தையும் சேர்த்து எண்ணுக. ஆனையிறவிலே நிழல் அரிது. காற்று முதுகிற் பட நடந்தவர் திரும்பும்போது அதனை எதிர்த்து வரவேண்டும். விடியற்காலமும் பிற்பகலின் கடைக்கூறும் உகந்தன. முதலிற் சமனான வன்தரை. புதையும் மணல் பின்னர். வாகனங்கள் விரையும் கண்டி வீதியின் ஓரம் நடைக்கு ஏற்றதன்று. மக்கள் நடமாடும் தடத்தை விட்டு விலகாதிருத்தலும், எச்சரிக்கைப் பலகை கண்ட இடத்தில் நின்றுவிடுதலும் இந்நிலத்திலே பிற நிலத்தார்க்கு இல்லாத கடமை.

நெடுநேரம் ஓரிடத்தில் நிற்றலும் நன்றன்று. பூநாரை ஒற்றைக்காலில் ஓய்ந்து நிற்கின்றதே என்பீர். அத்திலாந்தா நகர ஆய்வாளர் இருவர் 2017 இல் காட்டியபடி, அப்பறவை அவ்வாறு நிற்கத் தசைகளின் உழைப்பே பெரிதும் வேண்டியதில்லை. உயிர் நீங்கிய பறவையின் உடலைக்கூட ஒற்றைக்காலில் நிறுத்த முடிந்ததாம். மனிதனின் அமைப்பு வேறு. அவன் நிற்கும்போது நாரியின் தசைகள் ஓயாது உழைக்கின்றன. பறவை பார்க்கச் செல்பவர் இடையிடையே நாலடி நடப்பாராக. பார்ப்பதற்கோ குறைவில்லை. 1938 இற் புகலிடமாக அறிவிக்கப்பட்டு 2015 இல் தேசிய பூங்காவாகிய சுண்டிக்குளம் அண்மையிலேயே உள்ளது. மாரியிலே வடநாட்டுப் பறவைகள் இந்நீர்ப்பரப்புகளை நாடி வருகின்றன.

நடை நோவைத் தணிப்பதோடு அது மீளாமலும் காக்கின்றது. அவுஸ்திரேலியாவிலே, முதுகு நோவிலிருந்து அண்மையிற் குணமடைந்த 701 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2024 இல் வெளிவந்தது. இயன்மருத்துவரின் துணையோடு படிப்படியாக, கிழமைக்கு ஐந்து முறை அரைமணி என்ற அளவை நோக்கி நடந்தவர்களுக்கு நோ மீள்வதற்கு இடைப்பட்ட காலம் நடுவளவில் 208 நாள். அவ்வுதவி பெறாதவர்க்கு 112 நாள். காசு வேண்டாத மருந்து ஒன்று நோயை இவ்வளவு தள்ளிவைக்கின்றது. இடுப்புப் பட்டி கட்டியே காலங் கழிப்பவர்க்கும் ஒரு சொல்: நாட்பட்ட முதுகு நோவைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2023 இல் வெளியிட்ட வழிகாட்டி, பயிற்சியையும் நோய் பற்றிய அறிவூட்டலையும் விதந்துரைக்கின்றது, பட்டியை விதந்துரைக்கவில்லை.

அளவு யார் கையில்?

இதுவரை கூறியவை யாவும் ஒருவன் தன் நாளைத் தானே வகுத்துக்கொள்ளக்கூடியவன் என்ற எண்ணத்தின்மேல் எழுந்தவை. ஆசிரியனுக்கு விடுமுறை உண்டு. விடுமுறையிற் சம்பளமும் உண்டு. ஐந்து நிமிடத்திலிருந்து அரைமணிக்கு ஏறுதற்கு அவனுக்கு மூன்று மாதம் கிடைக்கும். நாட்கூலிக்கு உப்பு வாரும் பெண்ணுக்கு அந்த மூன்று மாதத்தை யார் கொடுப்பார்? 'நோ விட்ட அளவுக்கு வேலை செய்' என்ற பின்லாந்தின் பாடம் நல்ல பாடமே. ஆனால் அளவை அவள் வகுப்பதில்லை, கூடை வகுக்கின்றது. நிறைந்தால் அது வேலை. குறைந்தால் அது கூலிக்குறைவு.

'முழங்காலை மடக்கு, சுமையை மார்போடு அணை, முறுகாதே' எனத் தூக்கும் முறையை மட்டும் கற்பித்தலால் நோ குறைவதில்லை என்பதும் ஆய்வுகளிற் கண்டது. சுமையே குறைய வேண்டும். சிறிய கூடை, தள்ளுவண்டி, நீண்ட பிடியுள்ள வாருபலகை, வாருதலையும் நிரப்புதலையும் தைத்தலையும் மாற்றி மாற்றிச் செய்யும் முறை, நிழலும் குடிநீரும் உள்ள இடைவேளை, நோயிலிருந்து மீண்டவர்க்குச் சில கிழமை இலேசான வேலை ஆகியனவே நாரியைக் காப்பன. இவை பெருஞ்செலவினவும் அல்ல. அளத்தில் வேலை வாங்குவோர் நீரின் பாகையை நாள்தோறும் அளக்கின்றனர். 25 இற்கு முன் வாருவதில்லை; 29 இற்குப் பின் விடுவதில்லை. நீருக்குக் காட்டும் அவ்வளவறிவை அதனுள் நிற்கும் மனிதர்க்கும் காட்டுதல் இயலாததன்று.

தமிழிலே நடை என்பது காலின் செயலை மட்டும் குறிப்பதன்று, ஒழுக்கத்தையும் குறிக்கும். நாரி நோக் கண்டவன் அளவறிந்து நடத்தல் முதலாவது நடை. அவனை அளவறிந்து நடத்துதல் பிறர்க்குரிய இரண்டாவது நடை. முதலாவதை வைத்தியர் கற்பிப்பர். இரண்டாவதை நாம் ஒருவருக்கொருவர் கற்பித்தல் வேண்டும்.